மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் கால்வாய் வெட்டும்போது கடற்சிப்பி கிடைப்பது ஏன்?

கடலும் ஆறும் கலக்கும் சேற்றில் வளர்வது அலையாத்திக் காடு. நம் ஊரில் பாக்காவ் காடு என்போம். ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் மலாய்த் தீபகற்பத்தில் கடல் மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரம். இன்றைய தோட்டங்கள் பல அப்போது கடலடிச் சேறு. அப்புறம் கடல் மெல்ல இறங்கியது, லங்காட் போன்ற ஆறுகள் வண்டலைக் கொட்டிக்கொண்டே இருந்தன. கரை மேற்கே நகர, காடும் கூடவே நகர்ந்தது. பழைய சிப்பி மண்ணுக்குள் தங்கிவிட்டது. அந்தக் களிமண்ணைத் தொடும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

லயத்து (தோட்டக் குடியிருப்பு) வாய்க்காலில் குச்சி சிக்கினால் அதன் பின்னால் மண் சேருமே, பாக்காவ் வேர்கள் செய்வதும் அதுதான்.

மரங்களே கடலுக்குள் போய் நிலத்தை உண்டாக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள்; சேறு முதலில் மேடாகும், மரம் பிறகுதான் முளைத்து, வேரால் மேலும் மண்ணைப் பிடிக்கும்.