கல்லூரி ஊரில் ஒரு கிறிஸ்தவ பாட்காஸ்ட்: வாசகர் கேள்வி – பதில்

இறையியல் பேராசிரியர்களையும் சபை மக்களையும் பேச வைத்து, கல்லூரி ஊர்களில் பாட்காஸ்ட் நடத்துகிறவர்களும் தொடங்கப் போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் படிப்பு மையத்துக்கு மாதம் இருமுறை அறிஞர்கள் வந்து ஒரு மணி நேரம் உரையாற்றுகிறார்கள். அதையே பதிவு செய்து வெளியிட்டால் போதாதா?

பதில்: வெளியிடலாம். கேட்க ஆள் தேறாது. அரங்கில் இருப்பவருக்குத் திரை தெரிகிறது, கையில் அச்சிட்ட தாள் இருக்கிறது. பேருந்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பவருக்கு “இந்த மூன்றாவது வரியைப் பாருங்கள்” என்றால் எந்த வரி? உரையை ஆவணமாகத் தனி ஃபீடில் (செயலிகள் எபிசோடுகளை எடுத்துக்கொள்ளும் இணைய முகவரியில்) போட்டுவையுங்கள். பாட்காஸ்டுக்கென்று அவரை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து 40 நிமிடம் தனியாகப் பேசுங்கள். உரைக்கு இரண்டு மணி நேரம் முன்பு நல்லது, மறுநாள் காலை அதைவிட நல்லது. உரை முடிந்த கையோடு வேண்டவே வேண்டாம். தொண்டை கட்டியிருக்கும், மேடையில் சொன்னதையே சுருக்கிச் சொல்லி முடித்துவிடுவார்.

அவர் எழுதிய எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படித்தால் போதும். 12 கேள்விகள் எழுதிக்கொள்ளுங்கள், ஆறுதான் கேட்பீர்கள். முதல் கேள்வி கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளைப் பற்றி இருக்கட்டும். “புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதிகளை நம்பலாமா?” என்று ஆரம்பித்தால் ஐந்து நிமிடப் பொதுவுரைதான் கிடைக்கும். மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கும் பி52 என்ற பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். ஏறக்குறைய 9 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம். ஒரு பக்கம் யோவான் 18:31–33, மறுபக்கம் 37–38 வசனங்களின் சிதறல்கள். 1935-இல் வெளியானபோது 2-ஆம் நூற்றாண்டின் முதற்பாதி என்று கணித்தார்கள். அதில் தேதி எதுவும் எழுதியில்லை, எழுத்தின் வடிவத்தை வைத்து மட்டுமே செய்த கணிப்பு. அதனால் 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைகூட நீட்டலாம் என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள்.

இதில் வரிசையாக நான்கு கேள்விகள் கிடைக்கின்றன. துண்டில் என்ன இருக்கிறது? வயதை எப்படிச் சொல்கிறீர்கள்? யார் ஒத்துக்கொள்ளவில்லை, ஏன்? வயது 50 ஆண்டு தள்ளிப்போனால் உங்கள் வாதத்தில் எது மாறும்? கடைசிக் கேள்விக்கு நிபுணர் கொஞ்சம் நிதானித்து யோசிப்பார். அந்த மௌனத்தை எடிட்டிங்கில் வெட்டிவிடாதீர்கள்.

கேள்வி: ஆலயத்தில் நடந்த கூட்டத்தைப் பதிவு செய்தோம். பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. மென்பொருளால் சரிசெய்ய முடியுமா?

பதில்: ஓரளவுக்குத்தான். உயர்ந்த கூரை, கல் சுவர், வெறும் தரை உள்ள கட்டடத்தில் ஒரு சொல்லின் எதிரொலி அடங்குமுன் அடுத்த சொல் வந்துவிடும். பேச்சோடு கலந்துவிட்ட எதிரொலியைப் பிரித்தெடுக்கும் கருவிகளை அழுத்திப் பயன்படுத்தினால் குரல் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் ஆகிவிடும். பதிவிலேயே தடுப்பதுதான் வழி: மைக் வாயருகே இருக்க வேண்டும்.

பேச்சாளருக்குச் சட்டையில் மாட்டும் மைக் கொடுங்கள், முகவாய்க்கு ஒரு சாண் கீழே. கழுத்தில் தொங்கும் சிலுவைச் சங்கிலியும் அடையாள அட்டையும் அதில் உரசிக்கொண்டே இருக்கும். கேட்டு வாங்கிப் பையில் போடச் சொல்லுங்கள். பிரசங்க மேடை மைக்கைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால், மிக்ஸரின் துணை வெளியீட்டிலிருந்து (‘ஆக்ஸ்’) உங்கள் ரெக்கார்டருக்குத் தனி இணைப்பு எடுங்கள். அரங்கின் ஒலிபெருக்கிக்குப் போகும் கலவையையே எடுத்தால், குரல் வளமானவர் பேசும்போது ஆபரேட்டர் அளவைக் குறைப்பார், உங்கள் பதிவிலும் குறைந்துவிடும். ரெக்கார்டரில் உள்ளீட்டை ‘லைன்’ நிலைக்கு மாற்ற மறந்தால் மிக்ஸர் சிக்னல் கரகரவென்று உடையும். அப்படி உடைந்தது பிறகு சேராது.

பார்வையாளர் கேள்வி நேரத்துக்கு ஒருவர் மைக்கோடு நடக்க வேண்டும். ஆள் இல்லையென்றால், பேச்சாளர் ஒவ்வொரு கேள்வியையும் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் தர வேண்டும். இதை முன்கூட்டியே ஒரு துண்டுத்தாளில் எழுதி அவர் முன் வைத்துவிடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: இருவர் பேசச் சின்ன அறை இருக்கிறது. என்ன மைக், என்ன அளவு?

பதில்: ஒலித்தடுப்பு செய்யாத அறைக்கு டைனமிக் மைக், தூரத்துச் சத்தத்தை அது அதிகம் பிடிக்காது. கண்டென்சர் மைக் நுட்பமானதுதான், ஆனால் அடுத்த அறையின் நாற்காலி இழுபடுவதையும் பிடித்துத் தரும், கேபிள் வழியாக 48 வோல்ட் மின்சாரமும் கேட்கும். ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தனி ட்ராக். வாயிலிருந்து 10 முதல் 15 செ.மீ., நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் ‘ப’ ஒலி வெடிக்காது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தூரம் இரண்டு மைக்குகளுக்கும் இடையே இருக்கட்டும். எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கின் முதுகுப்பக்கத்தில் விழும். அங்கே மைக்குக்குக் காது மந்தம், நமக்கு லாபம்.

ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு (சுருக்காத ஒலிக்கோப்பு) என்று வையுங்கள். உரத்த இடங்கள் −12 முதல் −6 டெசிபெலுக்குள் நிற்கட்டும், 0-வைத் தாண்டினால் ஒலி உடையும். ஒரு மோனோ ட்ராக் மணிக்கு ஏறக்குறைய 520 எம்.பி. பிடிக்கும், அட்டையில் இடம் பாருங்கள். எடிட்டிங் முடிந்தபின் ஸ்டீரியோ என்றால் −16, மோனோ என்றால் −19 எல்.யூ.எஃப்.எஸ். (மொத்த ஒலியின் சராசரி உரப்பை அளக்கும் அலகு), உச்சம் −1 டெசிபெலைத் தாண்டாமல். பேச்சுக்கு மோனோ, 64 கிலோபிட் எம்.பி.3 போதும். ஒரு மணி நேரம் 29 எம்.பி.க்குள் அடங்கும்.

இந்த வகைப் பாட்காஸ்டுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. வேதாகமத்தின் மெல்லிய தாள் மைக்கருகே புரண்டால் சரசரவென்று பேச்சையே மூடிவிடும். வாசிக்கப்போகும் பகுதிகளைத் தடித்த தாளில், பக்கத்துக்கு ஒரு பகுதியாக, பெரிய எழுத்தில் அச்சிட்டு மேசையில் விரித்து வையுங்கள்.

கேள்வி: வெளியூர்ப் பேராசிரியரோடு இணையம் வழியாகப் பேசும்போது அவர் குரல் விட்டுவிட்டு வருகிறது.

பதில்: அழைப்பு பேசிக்கொள்ள மட்டும் இருக்கட்டும். அவர் பக்கத்தில் அவர் குரலை அவர் கைபேசியிலேயே பதிவு செய்து பிறகு கோப்பை அனுப்பச் சொல்லுங்கள். இரு பக்கமும் ஹெட்போன் கட்டாயம். ஆரம்பத்திலும் முடிவிலும் இருவரும் சேர்ந்து ஒருமுறை கைதட்டுங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போகாது. ஒரு மணி நேரத்தில் பதிவுகள் விலகி, கேள்வி முடியுமுன் பதில் வருவதுபோல் ஆகலாம். இரண்டு கைதட்டல்கள் இருந்தால் இழுத்துப் பொருத்திவிடலாம்.

கேள்வி: மாற்கு நற்செய்தியின் முடிவைப் பற்றி ஒரு எபிசோட் போட்டோம். “பிள்ளைகளின் விசுவாசத்தைக் கெடுக்கிறீர்கள்” என்று சபை மூப்பர்கள் வருத்தப்பட்டார்கள். இப்படிப்பட்ட தலைப்புகளைத் தவிர்க்க வேண்டுமா?

பதில்: தவிர்க்க வேண்டாம். மாற்கு 16:9–20 வசனங்கள் 4-ஆம் நூற்றாண்டின் கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் பிரதிகளான சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் இல்லை என்பது இன்று பல வேதாகமங்களின் அடிக்குறிப்பிலேயே இருக்கிறது. மாணவர் முதல் பருவத்திலேயே இதை வகுப்பில் கேட்கப்போகிறார். கோளாறு பெரும்பாலும் எபிசோடின் அமைப்பில்தான். “இந்த வசனங்கள் போலியா?” என்று தலைப்பு வைத்து, பிரச்சினையை 30 நிமிடம் விளக்கி, “விடை அடுத்த வாரம்” என்று முடித்தால் பாதிப் பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள். அவர்கள் கையில் மிஞ்சுவது கலக்கம் மட்டுமே.

பிரதிகளில் என்ன இருக்கிறது என்பதை முதல் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். அடுத்து, நற்செய்தியாளர் 8-ஆம் வசனத்தோடு நிறுத்தினார் என்பவர் வாதம், முடிவு தொலைந்துபோனது என்பவர் வாதம், நீண்ட முடிவை (9–20) ஏற்பவர் வாதம் மூன்றையும் அந்தந்தத் தரப்பே ஒத்துக்கொள்ளும் விதத்தில் சொல்லச் செய்யுங்கள். உயிர்த்தெழுதல் செய்தி மற்ற நற்செய்திகளிலும் 1 கொரிந்தியர் 15-லும் இருப்பதை அதே எபிசோடில் பேசி முடியுங்கள். இரண்டாம் பாகம் என்ற பேச்சே வேண்டாம். வெளியிடுமுன் மூப்பர் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். அனுமதிக்காக அல்ல, எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார் என்று தெரிந்துகொள்ள.

கேள்வி: பேராசிரியர்களே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஊர்ச் சபை வாழ்க்கையை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: ஒரே கருவை இரண்டு எபிசோடுகளாக்குங்கள். உதாரணம் ஓய்வுநாள். யாத்திராகமம் 20-இல் ஓய்வுக்குக் காரணம் படைப்பு. உபாகமம் 5-இல் அதே கட்டளைக்குக் காரணம் எகிப்தில் இருந்த அடிமைத்தனம், அதனால் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்கிறது. பழைய ஏற்பாட்டு அறிஞர் இதை விளக்கட்டும். அடுத்த எபிசோடில், ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிச் சமையலறையில் வேலை பார்க்கும் சபை அங்கத்தினரிடம் அவருக்கு ஓய்வு எந்த நாள், ஆராதனைக்கு எப்போது போகிறார் என்று கேளுங்கள். அவரிடம் “உங்கள் இறையியல் பார்வை என்ன?” என்று கேட்டு வைக்காதீர்கள், வாயடைத்துப் போவார். “போன ஞாயிறு காலை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்?” என்று தொடங்குங்கள். பேராசிரியர் பகுதியில் ஒரு நிமிடத்தை அவருக்குப் போட்டுக்காட்டி, “இது சரிதானா?” என்று கேட்டால் பேட்டியின் சிறந்த பகுதி அங்கேதான் கிடைக்கும்.

சமையலறைச் சத்தம் வேண்டுமென்றால் இரண்டு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். பேட்டியை அமைதியான அறையில் எடுங்கள். பாத்திரச் சத்தத்தை அப்புறம் சேர்க்கலாம், நீக்க முடியாது.

கேள்வி: மாணவர்கள் தங்கள் விசுவாச அனுபவத்தைச் சொல்லும் சாட்சிகளை ஒலிபரப்பலாமா?

பதில்: எழுத்தில் ஒப்புதல் வாங்கி, எடிட் செய்த வடிவத்தை அவருக்கே போட்டுக்காட்டி, இரண்டு நாள் யோசிக்க விட்டு, பிறகு. இருபது வயதில் உருக்கத்தோடு சொன்னதை முப்பதில் வேலை தேடும்போது யாரோ தேடி எடுப்பார்கள். ஃபீடிலிருந்து நீக்கினாலும் பிறர் இறக்கிக்கொண்ட பிரதிகள் திரும்பி வராது. இதை ஒப்புதல் தாளிலேயே எழுதுங்கள். சாட்சியில் வரும் அறைத்தோழர், பெற்றோர், பழைய போதகர் யாரும் உங்களுக்கு ஒப்புதல் தரவில்லை, ஆகவே அவர்கள் பெயர், துறை, ஊர் எல்லாம் போக வேண்டும். குரலை மாற்றினால் அடையாளம் மறையும் என்று நம்பாதீர்கள். சின்ன ஊரில் பேசும் தோரணையும் ஒரு சம்பவமும் போதும் கண்டுபிடிக்க. விசுவாசம் மாறியதால் வீட்டில் சிக்கல் வரக்கூடியவர் என்றால், சம்மதித்தாலும் வெளியிடாதீர்கள். கூட்டத்தில் சொன்ன ஜெபக் குறிப்புகள் ஒருபோதும் ஒலிபரப்புக்கு இல்லை.

கேள்வி: பாக் இசையைத் தொடக்க இசையாக வைத்தோம். அவர் இறந்து 250 ஆண்டுக்கு மேல் ஆகிறதே, ஏன் புகார் வந்தது?

பதில்: பாக் 1750-இல் மறைந்தார், இசைக்குறிப்பு எல்லோருக்கும் பொது. நீங்கள் எடுத்த ஒலிப்பதிவு அதை வாசித்தவர்களுக்கும் பதிவு நிறுவனத்துக்கும் சொந்தம். பழைய கீர்த்தனைகளுக்கும் பாமாலைகளுக்கும் இதுவே: ராகம் பொதுவாக இருக்கலாம், புதிய இசைக்கோர்வை உரிமைக்குட்பட்டதாக இருக்கலாம். ஆலய ஆர்கனில் நீங்களே 15 விநாடி வாசித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். பாடல் வரிகளைத் திரையில் காட்டச் சபை வாங்கிய உரிமம் வேறு, பாட்காஸ்ட் உரிமம் வேறு. புதிய வேதாகம மொழிபெயர்ப்புகளிலிருந்து நீண்ட பகுதி வாசிக்கவும் பதிப்பாளரின் வரம்பைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இந்த மாதிரி முயற்சி பாட்காஸ்டோடு பிறந்ததுதானா?

பதில்: இல்லை. 1955-இல் பிரான்சிஸ், ஈடித் ஷேஃபர் தம்பதியர் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய லாப்ரி என்ற கிறிஸ்தவப் படிப்பு இல்லத்தின் உரைகள் ஒலிநாடாக்களில் சுற்றின. அமெரிக்கப் பொது வானொலியில் பணியாற்றிய கென் மையர்ஸ் 1990-களின் தொடக்கத்தில் அறிஞர்களின் பேட்டிகளைக் கேசட்டில் ஒரு பத்திரிகைபோல் சந்தாதாரர்களுக்கு அனுப்பத் தொடங்கினார். அதற்கும் வெகு முன்பு, வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயர் அகுஸ்தீன் பிரசங்கித்தபோது சுருக்கெழுத்தர்கள் எழுதியெடுத்தார்கள். மக்கள் கூச்சலிட்ட இடங்கள்கூட அந்தப் பிரசங்கங்களில் தெரிகின்றன.

கேள்வி: ஒரு எபிசோடுக்கு 90 டவுன்லோடு. நிறுத்திவிடலாமா?

பதில்: உங்கள் கூட்டத்துக்கு 90 பேர் வருவார்களா என்று பாருங்கள். துறையின் அளவுகோலில் ஒரு நிமிட ஒலி இறங்கினாலே ஒரு டவுன்லோடு, கேட்டார்கள் என்று பொருளில்லை. எத்தனை சதவீதம் பாதியைத் தாண்டுகிறது என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: நடத்துகிற மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் எல்லாம் நின்றுபோகிறது.

பதில்: கல்லூரி ஊர்ப் பாட்காஸ்டுகள் பலவும் நின்றுபோவது இதனால்தான், மைக்கால் அல்ல. பருவத்துக்கு 8 எபிசோடு என்று வைத்து, தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே முடியுங்கள். முதல் எபிசோடை வெளியிடும்போது மூன்று கையிருப்பில் இருக்கட்டும். இறுதியாண்டு மாணவரோடு முதலாண்டு அல்லது இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் எடிட்டிங்கில் உட்கார வேண்டும். ஊரிலேயே இருக்கும் ஒருவர், சபைச் செயலரோ நூலகரோ, எல்லாக் கணக்குகளுக்கும் இரண்டாவது சாவி வைத்திருக்க வேண்டும்.

எபிசோடுகளைச் சேமித்து வழங்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றினால் பழைய ஃபீட் முகவரியிலிருந்து புதியதற்குத் தானாக அனுப்பிவைக்கும் ‘301’ திசைமாற்றம் கேட்டு வாங்குங்கள், குறைந்தது நான்கு வாரம் அது இருக்கட்டும். இல்லையென்றால் பழைய சந்தாதாரர்களுக்குப் புதிய எபிசோடே போகாது. எடிட் செய்யாத மூல வேவ் கோப்புகளை இரண்டு தனித்தனி வட்டுகளில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டியது ஃபீடில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியைப் பார்ப்பது. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் உரிமையாளர் யார் என்று சரிபார்க்கும் குறியீட்டை அந்த முகவரிக்குத்தான் அனுப்பும். அது பட்டம் வாங்கிப்போன மாணவரின் பல்கலைக்கழக முகவரி என்றால், கணக்கு மூடப்படுவதற்குள் இன்றே மாற்றிவிடுங்கள்.