அம்மாவின் கல்யாணப் படங்களை எந்த ஆல்பத்தில் வைப்பது?

கேள்வி: என் பெற்றோரின் 1968-ஆம் ஆண்டுத் திருமணக் கறுப்பு வெள்ளைப் படங்களை, பல வருடங்களுக்கு முன்பு ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்துக்கு மாற்றினேன். இப்போது பக்கங்கள் பழுப்பேறிவிட்டன. படங்களைப் பெயர்க்க முடியவில்லை. பேத்திக்காகப் புதிய ஆல்பம் செய்ய என்ன வாங்க வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தயவுசெய்து மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள். படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். மடங்கினால் வெடிக்கும், அந்த வெடிப்பு போகாது. முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் இருக்கிறபடியே செல்போனில் எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு, மருந்துக் கடையில் கிடைக்கும் மெழுகு பூசாத டென்டல் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, ரம்பம்போல முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துங்கள். அப்படியும் வராத படத்தைச் சுற்றி அட்டையோடு வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை ஒட்டியிருந்தாலும் அம்மாவின் முகம் தப்பிவிடும்.

புதிய ஆல்பத்தில் பிளாஸ்டிக் உறைதான் முக்கியம். பிவிசி வேண்டவே வேண்டாம். அதை இளக்கச் சேர்க்கும் ரசாயனம் நாளடைவில் வியர்வைபோல் கசிந்து படத்தில் ஒட்டும். பிவிசி சிதையும்போது அமிலமும் வெளிவரும். உறையைத் திறந்ததும் புது மழைக்கோட்டின் வாடை அடித்தால் வாங்காதீர்கள். பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர், பாலிஎத்திலீன் மூன்றும் நல்லவை. தாள் அமிலமும் லிக்னினும் இல்லாததாக இருக்கட்டும்; செய்தித்தாளைப் பழுப்பாக்குவது மரக்கூழிலிருந்து வரும் இந்த லிக்னின்தான். 'அமிலமற்றது' என்ற ஒரு சொல் மட்டும் போதாது. 'பி.ஏ.டி. (PAT – Photographic Activity Test) சோதனையில் தேறியது' என்று ஆல்பத்தின் அட்டையில் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். தாளையோ பசையையோ 70 டிகிரி வெப்பத்திலும் 86 சதவீத ஈரப்பதத்திலும் 15 நாள் வைத்து, படத்தைக் கறையாக்குகிறதா என்று பார்க்கும் சோதனை அது.

பசை, செல்லோடேப் இரண்டும் வேண்டாம். அந்தக் கால ஸ்டுடியோ ஆல்பங்களில் முக்கோணக் காகித மூலைகளில் படத்தைச் செருகியிருப்பார்களே, அதைவிடச் சிறந்த முறை இன்றும் இல்லை. பெயர், தேதியைப் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் புடைத்துத் தெரியும்.

மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையையும் அதே ஆல்பத்தில் வைக்க ஆசை வரும். வையுங்கள், ஆனால் தனி உறையில். படத்தோடு முகம் பார்த்தால் மஞ்சள் ஏறிவிடும். ஆல்பத்தை மர அலமாரியைவிட இரும்பு பீரோவில் வைப்பது நல்லது. அதில் ரசகற்பூர உருண்டை இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.