கொக்கின் கால்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறதா?

கேள்வி: மாலை நேரத்தில் நீர்ப்பறவைகளை நிழலுருவமாகப் படம் எடுக்கிறேன். வானம் வெளுத்துப்போகிறது. பறவையோ கறுப்புக் கட்டியாக விழுகிறது. கொக்கா வாத்தா என்றே சொல்ல முடியவில்லை. என்னிடம் 300 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. அது போதாதா?

பதில்: லென்ஸ் தாராளமாகப் போதும். உங்கள் படத்தில் இருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். வானம் வெளுப்பதைக் கேமராவில் சரிசெய்யலாம். பறவை கட்டியாவதற்குக் காரணம் நீங்கள் நிற்கும் இடமும் அழுத்தும் கணமும்.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இருண்ட பறவையும் கரையும் தெரியட்டும் என்று கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டுகிறது; அதில் வானத்தின் நிறம் கரைந்துபோகிறது. ஸ்பாட் மீட்டரிங் (சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) வைத்து, சூரியனுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் பிரகாசமான வானத்தில் அளந்து, அந்த எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிவாகும் வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். அல்லது கேமரா தேர்ந்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை −1 முதல் −2 வரை இறக்குங்கள். படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வொயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் ‘பகல் வெளிச்சம்’ அல்லது ‘மேகமூட்டம்’ என்று மாற்றினால் அந்திச் சிவப்பு தங்கும். ஆப்டிகல் வியூஃபைண்டர் (லென்ஸ் வழியே நேராகப் பார்க்கும் கண்ணாடித் துளை) வழியாகச் சூரியனை நேராகப் பார்க்கவே பார்க்காதீர்கள். டெலி லென்ஸ் கண்ணைக் கெடுத்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். நிழலுருவத்தில் இறகின் நிறம் இல்லை, கண் இல்லை; கோடு ஒன்றுதான் மிச்சம். அந்தக் கோட்டைக் காட்டுவது பறவையைச் சுற்றியும் அதன் உறுப்புகளுக்கு நடுவிலும் தெரியும் வெளிச்சம். ஆகவே வியூஃபைண்டரில் பறவையைப் பார்ப்பதை விட்டுவிட்டு இடைவெளிகளைப் பாருங்கள். இரண்டு கால்களுக்கு நடுவே வெளிச்சம் இருக்கிறதா? வளைந்த கழுத்துக்கும் மார்புக்கும் நடுவே? அலகு உடம்பின் மேல் படாமல் வெளியே நீண்டிருக்கிறதா? கொக்கு ஓர் அடி எடுத்துவைக்கும்போது கால்கள் பிரியும், கழுத்து முன்னே நீளும். அந்த ஒரு நொடிக்கு விரலை ஷட்டரில் வைத்துக் காத்திருங்கள்.

பக்கவாட்டுத் தோற்றமே நல்லது என்பது பெரும்பாலும் சரி. நத்தைகுத்தி நாரை நல்ல உதாரணம்: வளர்ந்த பறவையின் அலகு நடுவில் சேராமல் விலகியிருக்கும். சரியான பக்கவாட்டில் அந்தச் சிறு பிளவுக்குள் வானத்தின் ஆரஞ்சு நிறம் தெரியும். தலை கொஞ்சம் திரும்பினாலும் மூடிக்கொள்ளும். ஆனால் கரண்டிவாயன் இந்த விதிக்கு அடங்காது. அதன் அலகு மேலிருந்து கீழாகத் தட்டையானது என்பதால், நேர் பக்கவாட்டில் வெறும் குச்சியாகத்தான் தெரியும். ஓர் அந்தி முழுக்க அப்படியே எடுத்துவிட்டு, திரையில் ஒரு படத்தில்கூடக் கரண்டி இல்லாததைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். அது இறகு கோதத் தலையைச் சாய்க்கும்போது எடுக்க வேண்டும். நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்தும்போது பக்கத்திலிருந்து எடுத்தால் குப்பலாகத் தெரியும்; முன்னாலோ பின்னாலோ நின்று, தலை மட்டும் பக்கம் திரும்பும்வரை பொறுத்திருங்கள்.

அடுத்தது பின்னணி. படம் கெடுவது அதிகமும் இங்கேதான். எதிர்க்கரையின் கறுப்புப் பட்டை பறவையின் கழுத்தையோ காலையோ வெட்டினால் உருவம் அங்கேயே அறுந்துபோகும். குனிந்தால் பறவை வானத்தில் ஏறும். நிமிர்ந்தால் ஒளிரும் நீருக்குள் இறங்கும். எதிர்க்கரை வெகு தொலைவில், தாழ்வாக இருந்தால் தரையோடு படுத்து எடுங்கள். கரை உயரமாகவும் மரங்கள் அடர்ந்தும் இருந்தால் எழுந்து நின்று, முடிந்தால் சற்று மேட்டில் ஏறி, பறவை முழுவதையும் நீரின் பளபளப்புக்கு எதிரே கொண்டுவாருங்கள். ஒரு முழ உயரம் மாறினாலே படம் வேறாகிவிடும். பறவைக் கூட்டமென்றால் ஒன்றன்மேல் ஒன்று விழாத நேரம் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாரைகள் சேர்ந்து ஒரே உடலும் இரண்டு தலையுமாகத் தெரியும்.

பிரதிபலிப்பு கிடைத்தால் முழுதாகச் சேருங்கள். நீருக்குள் தெரியும் அலகு நுனியைப் படச் சட்டத்தின் விளிம்பு வெட்டிவிடக் கூடாது. அப்போது நீர்க்கோடு படத்தின் நடுவில் வந்தாலும் பரவாயில்லை. பறவை சட்டத்தை நிரப்ப வேண்டும் என்ற ஆசையையும் விடுங்கள். பரந்த வெளிச்சத்தில் சிறிதாக நிற்கும் நாரையே எனக்குப் பிடித்தது. அது பார்க்கும் திசையில் இடம் விடுங்கள். நெருங்கிப் போக வேண்டிய அவசியமும் இல்லை, பறவையும் மிரளாது.

பறக்கும்போது ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல் வைத்துத் தொடராக எடுத்து, சிறகு முழுக்க மேலே அல்லது கீழே இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். உடம்புக்கு நேராகச் சிறகு இருக்கும் கணத்தில் பக்கவாட்டில் வெறும் கோடாகிவிடும். கொக்கும் சாம்பல் நாரையும் கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கும், கரண்டிவாயனும் நத்தைகுத்தி நாரையும் நீட்டிக்கொண்டு பறக்கும். நிழலுருவத்தில் இனத்தைச் சொல்லிவிடுவது அந்தக் கழுத்துதான்.

ஃபோகஸ் தடுமாறினால் ஒற்றை ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் விளிம்பில், கறுப்பும் வெளிச்சமும் சந்திக்கும் இடத்தில் வையுங்கள். வீட்டில் திருத்தும்போது, வயிற்றோரம் சாம்பல் பூத்திருந்தால் கறுப்பை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். இறகு தெரியட்டும் என்று நிழற்பகுதியை ஏற்றாதீர்கள்.