பால் கிளாஸுக்குள் ஒரு பல்பு

கேள்வி: த்ரில்லர் படங்களில் ஒன்றுமே நடக்காத காட்சியில்கூட நெஞ்சு படபடக்கிறதே, எப்படி?

பதில்: இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே என்பதால்தான்! 1941இல் வந்த, இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'சஸ்பிஷன்' (சந்தேகம்) படத்தைப் பாருங்கள். மாடியறையில் படுத்திருக்கும் மனைவிக்குக் கணவன் ஒரு கிளாஸ் பால் எடுத்துக்கொண்டு படியேறுகிறான். அவ்வளவுதான் காட்சி. சுற்றிலும் இருட்டு; சுவரில் சிலந்தி வலை போல ஜன்னல் நிழல். பால் மட்டும் பளிச்சென்று வெள்ளை. கிளாஸுக்குள் சின்ன பல்பைப் போட்டு எரியவிட்டிருக்கிறார் மனிதர்! விஷமா, வெறும் பாலா என்று நம் கண் அதைவிட்டு நகராது. முதல்முறை பார்த்தபோது நான் அவன் முகத்தைக் கவனிக்கவே இல்லை.

சத்தமா? இசையை அள்ளிக் கொட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஆபத்து வருமுன்பே வயலின் அலறினால் நாம் உஷாராகிவிடுவோமே. அதே ஹிட்ச்காக் 'தி பேர்ட்ஸ்' (1963) படத்துக்கு வழக்கமான பின்னணி இசையே வைக்கவில்லை. மின்னணுக் கருவியில் உருவாக்கிய பறவைக் கூச்சல், சிறகடிப்பு, அப்புறம் திடீர் மௌனம். அந்த மௌனத்தில்தான் நாற்காலியின் கையை இறுகப் பிடிக்கிறோம்.

இடம் என்றால் பாழடைந்த பங்களாதான் வேண்டும் என்றில்லை. ஒரு படிக்கட்டு போதும். மேலே என்ன இருக்கிறதென்று தெரியாது, பக்கவாட்டில் ஓடவும் முடியாது.

சரி, விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகப் பாருங்கள். கையில் பால் மட்டும் வேண்டாம்.