மரத்தவளையைக் காதால் தேடுங்கள்

கேள்வி: இரவில் காட்டில் மரத்தவளைகளைப் படமெடுக்க முயல்கிறேன். நெருங்கினால் தாவிவிடுகின்றன. கிடைத்த படங்களிலும் முதுகெங்கும் வெள்ளைத் திட்டுகள். எங்கே தவறு?

திட்டுகளை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். தவளையின் ஈரத்தோல் கண்ணாடி மாதிரி. நீங்கள் பார்க்கும் வெள்ளைத் திட்டு ஃபிளாஷின் பிம்பம்தான். ஒளி வரும் பரப்பைப் பெரிதாக்கினால் திட்டு பரவி மங்கிவிடும். நான் வெள்ளை ஃபோம் தாளை வளைத்து ஒட்டிய டிஃப்யூசரைத்தான் (ஃபிளாஷின் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் மறைப்பு) இன்றும் பயன்படுத்துகிறேன். பார்க்க அசிங்கம், வேலை சுத்தம். அதை மாட்டிய ஃபிளாஷைக் கேமராவை விட்டு விலக்கி, சற்று மேலிருந்து பக்கவாட்டில் பிடியுங்கள். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (சிறியவற்றை நெருங்கி எடுப்பது), லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் 1/200 நொடி, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400 என்று தொடங்கலாம். ஃபோகஸ் கண்ணில் விழவில்லை என்றால் மற்றதெல்லாம் வீண்.

தாவுவதற்குக் காரணம், டார்ச்சை வீசிக்கொண்டு நீங்கள் கண்ணால் தேடுவது என்று நினைக்கிறேன். காதால் தேடுங்கள். மழை ஓய்ந்த இரவில், தண்ணீருக்கு மேல் நீண்ட கிளைகளிலிருந்து ஆண் தவளைகள் பெண்ணை அழைத்துக் கத்தும். நீங்கள் நெருங்கியதும் குரல் நின்றுவிடும். அங்கேயே நில்லுங்கள், விளக்கை அணையுங்கள். பத்து நிமிடம் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். முதலில் தூரத்தில் ஒன்று தொடங்கும். அதற்கு இன்னொன்று பதில் கொடுக்கும். கடைசியில் உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் மூச்சுக் காட்டாமல் இருந்த தவளையும் பொறுக்கமாட்டாமல் கத்தத் தொடங்கிவிடும். போட்டி அப்படி! கத்தலில் மூழ்கிய தவளை மங்கலான வெளிச்சத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. தொண்டையில் குரல்பை புடைக்கும் நொடியில் ஒளி பக்கவாட்டில் விழுந்தால், மெல்லிய தோலுக்குள் ரத்தக் குழாய்கள் இழை இழையாகத் தெரியும். நான் காத்திருப்பதே அந்தப் படத்துக்காகத்தான்.

பகலில் கண்ணை உருட்டி விழித்துக் கிளையைப் பற்றியிருக்கும் தவளைப் படங்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். பெரும்பாலான மரத்தவளைகள் பகலில் கைகால்களை மடக்கி இலையோடு இலையாக ஒட்டித் தூங்குபவை. மத்திய அமெரிக்காவின் செங்கண் மரத்தவளை தூங்கும்போது அதன் சிவப்புக் கண்ணும் நீல விலாவும் வெளியே தெரியவே தெரியாது. விழித்திருக்கிறது என்றால் யாரோ எழுப்பியிருக்கலாம். இலையைக் குடையாகப் பிடித்த தவளை, வண்டின் மேல் சவாரி செய்யும் தவளை எல்லாம் ஜோடித்து எடுத்தவை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தொட வேண்டாம். தவளை தோலாலேயே நீரை உறிஞ்சும், ஓரளவு மூச்சும் விடும். உங்கள் கையிலுள்ள கொசு மருந்து அப்படியே உள்ளே போகும். ஒரு குளத்தில் மிதித்த காலணியைக் கழுவி உலர்த்தாமல் அடுத்த குளத்துக்குப் போகாதீர்கள். தவளைகளின் தோலைத் தாக்கி நோய் தரும் கைட்ரிட் பூஞ்சை சேற்றோடும் ஈரத்தோடும் பயணம் செய்யும். அந்த நோயால் உலகெங்கும் 500க்கும் மேற்பட்ட தவளை, பல்லி போலிருக்கும் சாலமாண்டர் வகை இனங்கள் அருகிவிட்டன என்று 2019-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. தண்ணீருக்கு மேல் இலையில் தவளை முட்டையிட்ட நுரைக்கூடு தொங்கினால் கிளையை இழுக்காதீர்கள். அதிலிருந்து தலைப்பிரட்டைகள் நேராகத் தண்ணீரில் விழ வேண்டும்.

கையில் மருந்து பூசாததால் கொசுக்கடி நிச்சயம். முழுக்கைச் சட்டை போதாது. ஒருமுறை அரை மணி நேரம் கடி வாங்கி எடுத்த படத்தை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன். தவளையின் மூக்கு நுனியிலும் ஒரு கொசு, வயிறு சிவக்கக் குடித்துக்கொண்டிருந்தது.