சித்தப்பா பதில்கள்: ஏஸ் ஜோடி தோற்ற பிறகு

சென்ற இதழில் போக்கர் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு தஞ்சாவூர், திருவாரூர் பக்கமிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கூட்டுறவு வங்கிக் கல்லாவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். சீட்டும் தெரியும், கடன் நோட்டீஸும் தெரியும். இந்த வாரம் முழுக்க இதுதான்.

உரக்கடைக்காரர், பாபநாசம்: நண்பர்கள் ஆறு பேர் போனில் போக்கர் ஆடுகிறோம். காசு கிடையாது, வெறும் சிப்ஸ், அதாவது ஆட்ட வில்லைகள். போன வாரம் என் கையில் இரண்டு ஏஸ். எதிராளியிடம் இரண்டு ராஜா. மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் ஐந்து சீட்டில் கடைசிச் சீட்டாக மூன்றாவது ராஜா விழுந்து அவன் ஜெயித்துவிட்டான். அப்புறம் ஒரு கையையும் விடாமல் ஆடி எல்லாவற்றையும் தொலைத்தேன். மனதை எப்படிக் கட்டுவது சித்தப்பா?

தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம். ஏஸ் ஜோடி கைக்கு வருவது சராசரியாக 221 கைக்கு, அதாவது 221 முறை சீட்டுப் போட்டால், ஒரு தடவை. நேரில் உட்கார்ந்து ஆடினால் மணிக்கு 25, 30 கைதான் ஓடும். போனில் ஒரு மேசையிலேயே 60 கை போகும். அப்படியும் மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால்தான் அந்த ஜோடி. இவ்வளவு காத்து வந்ததாலேயே அந்தக் கை நமக்கு எழுதிக் கொடுத்த சொத்து மாதிரி தோன்றிவிடுகிறது. ஆனால் ஏஸ் ஜோடியும் ராஜா ஜோடியும் மோதினால் நூற்றுக்கு 82 தடவைதான் ஏஸ் ஜெயிக்கும். கடைசிச் சீட்டுக்கு முன்னால்கூட, கண்ணுக்குத் தெரியாமல் இருந்த 44 சீட்டில் இரண்டு ராஜா பாக்கி. 22க்கு ஒன்று. அது விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தக் கையில் நீங்கள் சிப்ஸை உள்ளே தள்ளியது சரியான முடிவு. தோற்ற பிறகும் அது சரியான முடிவுதான். கெட்டுப்போனது அடுத்த பத்து நிமிடம். போக்கர்காரர்கள் டில்ட் என்று சொல்வது இதைத்தான். கோபம் தலைக்கேறியவன் தனக்குக் கோபமே இல்லை என்று சத்தியம் பண்ணுவான். அதனால் அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்கலாம் என்று இருக்காதீர்கள். காலையில் கடை திறந்து ஊதுபத்தி ஏற்றியதும், தலை குளிர்ச்சியாக இருக்கும்போதே, பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிவிடுங்கள்: பெரிய கை ஒன்று போனால் இரண்டு சுற்று வெளியே. எத்தனை மணிக்கு நிறுத்துவது, எத்தனை சிப்ஸ் போனால் எழுந்துகொள்வது, இதுவும் அதிலேயே. ‘சிட் அவுட்’ பொத்தானை அமுக்கிவிட்டுப் போய் வாசலில் நின்று யூரியா மூட்டையை எண்ணுங்கள். எப்படியும் இருப்பு எடுக்கத்தானே வேண்டும்!

இன்னொன்று. மறுநாள் போனில் பதிவாகியிருக்கும் கை வரலாற்றைத் திறந்து இரண்டே இரண்டு கையைப் பாருங்கள். ஜெயித்தேனா தோற்றேனா என்று பார்க்காதீர்கள். அந்த நொடியில் தெரிந்ததை வைத்து நான் செய்தது சரியா என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் ஜெயித்த கைகளில்தான் அதிகமாக அபத்தம் கிடக்கும், பாருங்கள்.

ரம்மிப் பிரியர், ஆடுதுறை: முப்பது வருடமாக ரம்மி ஆடுகிறேன். போக்கரில் மட்டும் ஏன் நிலைக்க முடியவில்லை?

ரம்மியில் ஸ்கூட் அடித்து ஆரம்பத்திலேயே விலகினாலும் 20 புள்ளி ஏறும். நடுவில் அடித்தால் 40. அதனால் ‘இன்னும் ஒரு சீட்டு பார்ப்போமே’ என்று உட்கார்ந்தே பழகிவிட்டீர்கள். போக்கரில் பிளைண்ட் என்ற கட்டாயப் பந்தயம் கட்டும் இடம் தவிர, ஆரம்பத்திலேயே கையை விட்டால் நயா பைசா செலவில்லை. ஒன்பது பேர் மேசையில் நிதானமானவர்கள் பத்துக் கையில் ஏழெட்டை விட்டுவிடுவார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது சலிப்பாக இருக்கிறதா? அந்த நேரத்தில் மற்றவர்கள் எந்தக் கைக்கு எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்று பாருங்கள். யூடியூபை மூடுங்கள்.

இளம் விவசாயி, நீடாமங்கலம்: கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு இரவெல்லாம் காவல் இருக்கிறேன். தூக்கம் வராததால் போனில் போக்கர். முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஆடுகிறேன். அப்புறம் என்ன ஆடினேன் என்று எனக்கே தெரிவதில்லை. கவனத்தைக் கூட்ட வழி உண்டா?

இருக்காதா பின்னே! பகலெல்லாம் தார்ப்பாயை விரிப்பதும் மூடுவதுமாக, நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்கியதா என்று கவலைப்பட்டு, கொசுக்கடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த மூளையிடம் மூன்று பேரின் பந்தயத்தைக் கணக்குப் போடச் சொன்னால் அது என்ன செய்யும்? கவனத்தைக் கூட்ட வழி கேட்கிறீர்கள். குறைந்த நேரம் ஆடுவதைத் தவிர எனக்குத் தெரிந்து வழி இல்லை. ஒரு மணி நேரம் நன்றாக ஆடுகிறீர்கள் அல்லவா, உங்கள் ஆட்டம் ஒரு மணி நேரம்தான். அலாரம் வையுங்கள். ஒரு மேசைக்கு மேல் திறக்காதீர்கள். பொத்தானை உடனே அமுக்காமல், நல்ல கையோ மோசமான கையோ, ஒரு மூச்சு விட்டு அமுக்குங்கள்.

நள்ளிரவு ஆட்டத்தைப் பற்றி அரசாங்கமே யோசித்தது தெரியுமா? 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம், காசு வைத்து ஆடும் தளங்கள் இரவு 12 முதல் காலை 5 வரை ஆடவிடக் கூடாது என்று விதி போட்டது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. அந்த ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. உங்களுடையது சும்மா சிப்ஸ்தான் என்றாலும் அந்த ஐந்து மணி நேரத்தை நீங்களாகவே விட்டுவிடுங்கள். பக்கத்துக் குவியல்காரரோடு முறை வைத்துத் தூங்குங்கள். மறுநாள் சிப்பம் பிடிக்கும்போது, அதாவது நெல்லை மூட்டையாகக் கட்டும்போது, எடையைப் பார்க்கக் கண் விழித்திருக்க வேண்டும். சிப்பத்துக்கு 40 கிலோதான் போகிறதா என்று பாருங்கள், அங்கே வேண்டும் கவனம்.

பெயர் வேண்டாம், திருத்துறைப்பூண்டி: நெல் பணம் வந்ததும் என் கணவர் டெலிகிராமில் வந்த லிங்க் வழியாக வெளிநாட்டுத் தளம் ஒன்றில் காசு கட்டிப் போக்கர் ஆடுகிறார். கேட்டால், “இது சூதாட்டம் இல்லை, திறமை. கோர்ட்டே சொல்லியிருக்கிறது. நான் கட்டுப்பாடாகத்தான் ஆடுகிறேன்” என்கிறார். நகை இரண்டு அடகில் இருக்கிறது சித்தப்பா.

அம்மா, அவர் சொல்வதில் பாதி உண்மை. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்ப்பதில்லை. காசு கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும் தடை. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவரை அது தண்டிப்பதில்லை. உங்கள் கணவர் தைரியமாக இருப்பது அதனால்தான். ஆனால் அந்தத் தளம் ஜெயித்த காசைத் தராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பார்? லிங்க் அனுப்பியவனிடமா?

கட்டுப்பாடு என்ற பேச்சும் எடுபடாது. கட்டுப்பாடாக ஆடுபவர் வைத்திருப்பது, முழுக்கப் போனாலும் வீட்டில் உலை கொதிக்கும் என்ற பணத்தை. நகையை அடகு வைத்த அன்றே அந்த வாதம் முடிந்துவிட்டது. அது போக, மேசையில் யார் ஜெயித்தாலும் ஒவ்வொரு கையிலும் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். சுமாரான திறமைசாலிகூட அதைத் தாண்டி லாபம் பார்ப்பது கஷ்டம்.

அவர் தோற்ற ராத்திரி சண்டை போடாதீர்கள், காதில் ஏறாது. ஜெயித்த நாள் காலையில், காபி கொடுத்துவிட்டு, வங்கிக் கணக்குப் பட்டியலை இரண்டு பேருமாக உட்கார்ந்து பாருங்கள். போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று அவரையே கூட்டச் சொல்லுங்கள். யூபிஐ வரம்பைக் குறைத்துவிட்டு, அடுத்த நெல் பணம் உங்கள் பெயரும் சேர்ந்த கணக்கில் விழ ஏற்பாடு செய்யுங்கள். நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்று அவர் சொன்னால் 14416க்குப் பேசுங்கள். டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள். அவர் பேசாவிட்டால் நீங்களே பேசலாம். அடகு ரசீதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், தவணை தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர், வல்லம்: சும்மா சிப்ஸ் என்பதால் எங்கள் மேசையில் எல்லோரும் முதல் கையிலேயே ஆல்-இன், அதாவது மொத்த சிப்ஸையும், போடுகிறார்கள். இதில் எப்படி ஒழுக்கம் வரும்?

சிப்ஸுக்கு மதிப்பில்லை என்றால் மதிப்பை நீங்களே உண்டாக்குங்கள். தனி மேசை போட்டு, சிப்ஸ் தீர்ந்தவருக்கு அடுத்த ஞாயிறு வரை இடமில்லை என்று வையுங்கள். பருவம் முழுவதும் வரிசைப் பட்டியலை ஒரு நோட்டில் எழுதுங்கள். கடைசி இடத்தில் தன் பெயரைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது. தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். டீ பரோட்டாவாகும், பரோட்டா பணமாகும்.

அதே மாணவர்: நீங்கள் கடைசியாக எப்போது ப்ளஃப் அடித்தீர்கள்?

செவ்வாய்க்கிழமை. “பதில்களை அனுப்பியாகிவிட்டது, தபாலில் தாமதம் போலிருக்கிறது” என்று ஆசிரியரிடம்.