வெப் அப்ளிகேஷனிலிருந்து தானாகப் போகும் மெயில்: வேலூர் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

ஆம்பூர், ஷூ ஏற்றுமதி அலுவலகம்: இன்வாய்ஸ் மெயில் போயிடுச்சுன்னு லாக் காட்டுது சார். ஜெர்மனியில இருக்கிற பையரோ வரலைங்கிறார். தேடிப் பார்த்தா ஸ்பேம்ல கிடக்குது.

லாக்கில் வரும் 250 என்ற பதிலுக்கு, எதிர் சர்வர் மெயிலை வாங்கிக்கொண்டது என்று மட்டும்தான் பொருள். இன்பாக்ஸா ஸ்பேமா என்பதை அது பிறகுதான் முடிவு செய்யும். உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸை, அதாவது டொமைன் பற்றிய விவரங்களை மற்ற சர்வர்கள் தேடிப் பார்க்கும் பட்டியலை, திறந்து மூன்று ரெக்கார்டுகளைப் பாருங்கள். உங்கள் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்பதை எஸ்பிஎஃப் சொல்லும். மெயிலில் விழும் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி டிகிம். இந்த இரண்டில் ஒன்றாவது தேறி, அனுப்புநர் முகவரியில் உள்ள டொமைனோடும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க்.

நம்ம பக்கம் அடிக்கடி கண்ணில் படும் கோளாறு ஒன்று: ஹோஸ்டிங்காரர் ஒரு எஸ்பிஎஃப் போட்டிருப்பார், மெயில் சர்வீஸ் வாங்கும்போது இன்னொன்றும் சேர்ந்துவிடும். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சரிபார்ப்பே தோற்றுவிடும். இரண்டையும் ஒரே வரியில் சேருங்கள். அதற்குள் நடக்கும் டிஎன்எஸ் தேடல் 10ஐத் தாண்டக் கூடாது. டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் மட்டும் வையுங்கள். சில வாரம் ரிப்போர்ட் பார்த்த பிறகு கடுமையாக்கலாம். அவசரப்பட்டால் உங்கள் சொந்த மெயிலே திரும்பிவிடும்.

திருத்திய பின் உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ அழுத்துங்கள். மூன்றுக்கும் ‘பாஸ்’ என்று வர வேண்டும்.

குடியாத்தம், லுங்கி மொத்த வியாபாரம்: ஜிமெயில் பாஸ்வேர்டைக் கோடுல போட்டா ஏத்துக்கவே மாட்டேங்குது.

ஏற்காது. இரண்டு படிச் சரிபார்ப்பை ஆன் செய்து, 16 எழுத்து ‘ஆப் பாஸ்வேர்டு’ எடுங்கள், போர்ட் 587. அந்த பாஸ்வேர்டைக் கோடுக்குள் எழுதாமல், ரகசிய அமைப்புகளைத் தனியாக வைக்கும் என்விரான்மென்ட் ஃபைலில் வையுங்கள், அந்த ஃபைலைக் கிட்டில் (கோடைச் சேமித்துப் பகிரும் இடத்தில்) ஏற்றாதீர்கள். இலவசக் கணக்கில் நாளைக்கு 500 வரைதான். ஆர்டர் ரசீதுக்கு அது போதும். தீபாவளி தள்ளுபடியை எல்லோருக்கும் அனுப்ப இந்த வழி வேண்டவே வேண்டாம், கணக்கே முடங்கலாம். அதற்குத் தனி மெயில் சர்வீஸ் எடுங்கள், விலகும் லிங்க்கும் கொடுங்கள். ஜிமெயில் கணக்குகளுக்கு நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்கள் விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலக வழி தர வேண்டும் என்பது 2024இல் கூகுள் கொண்டுவந்த விதி.

காட்பாடி, கல்லூரி மாணவி: அண்ணா, ரிஜிஸ்டர் பட்டனை அழுத்தினா பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு. மறுபடி அழுத்தினா ரெண்டு மெயில் போகுது.

மெயில் சர்வர் பதில் சொல்லும்வரை உன் பக்கமும் காத்து நிற்கிறதம்மா. பதிவை டேட்டாபேஸில் சேர்த்து முடித்ததும் மெயில் வேலையை க்யூவில், அதாவது பின்னணியில் செய்யும் வேலைகளின் வரிசையில் போட்டுவிட்டு, பயனருக்கு உடனே பதில் கொடு. வெப் அப்ளிகேஷனை லாராவெலில் எழுதியிருந்தால் க்யூ கூடவே வருகிறது, ஜாங்கோவில் என்றால் செலரி என்ற கருவியைச் சேர்த்துக்கொள். பயனர் எண்ணையும் மெயில் வகையையும் சேர்த்து யூனிக் கீ (ஒருமுறைக்கு மேல் பதிவாகாத அடையாளம்) வைத்தால் இரண்டாவது அழுத்தலுக்கு மெயில் போகாது. க்யூவில் உள்ள வேலையை எடுத்துச் செய்யும் வொர்க்கரில் ஒன்று கவனி: 4இல் தொடங்கும் எரர் என்றால் சற்று இடைவெளி விட்டு மறுபடி முயலலாம். 550 போல 5இல் தொடங்கினால் நிறுத்திவிடு. இல்லாத முகவரிக்கே திரும்பத் திரும்ப அனுப்பினால் டொமைனின் பெயர்தான் கெடும்.

ஆரணி, பட்டுச் சேலைக் கடை: சப்ஜெக்ட்டைத் தமிழ்ல போட்டா கேள்விக்குறியா வருது.

பிஎச்பியில் மெயில் அனுப்பும் பிஎச்பிமெய்லரில் ‘கேர்செட்’டை (எழுத்துக் குறியீட்டு முறையை) யுடிஎஃப்-8 ஆக்குங்கள்; அது தானாக எடுத்துக்கொள்வது ஐஎஸ்ஓ-8859-1, அதில் தமிழ் இல்லை.

ராணிப்பேட்டை, கிளினிக்: காலை 9 மணிக்கு வெச்ச நினைவூட்டல் மதியம் 2.30க்குப் போகுது.

சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம். குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் க்ரானில் அதிகாலை 3.30 என்று வையுங்கள், அல்லது அப்ளிகேஷனில் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா ஆக்குங்கள். ஆனால் வெறும் வயிற்றோடு வர வேண்டிய பரிசோதனைக்கு காலை 9 மணி மெயிலே தாமதம்தான். அவர் அதற்குள் இட்லி சாப்பிட்டிருப்பார். முந்தின நாள் மாலையே அனுப்புங்கள். சப்ஜெக்ட்டில் நோயின் பெயரோ பரிசோதனையின் பெயரோ வேண்டாம். பூட்டிய போன் திரையிலும் அது தெரியும், பக்கத்தில் இருப்பவர் படிப்பார். தேதி, நேரம், கிளினிக் பெயர் போதும்.